இரண்டு லைனைச் சேர்த்தால் வேகம் இரட்டிக்குமா? ஓர் அல்சூர் வீட்டின் கணக்கு

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மாடியில் அக்கா குடும்பமும் குடியிருக்கிறோம். கீழே ஒரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு, மேலே வேறொரு நிறுவனத்தின் இணைப்பு. இரண்டும் 100 எம்.பி.பி.எஸ். திட்டங்கள்தாம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு இரண்டு பில்களையும் மாதா மாதம் தனித்தனியாகக் கட்டி வருகையில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், "மாமா, ரெண்டையும் சேர்த்துட்டா 200 வரும்ல, எதுக்குத் தனித்தனியா வெச்சிருக்கோம்?" என்று கேட்டான். ஒரே கூரையின் கீழ் இரண்டு இணைப்புகள் இருந்தால் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது என்பதால், எங்கள் முன் இருந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்த்த விதத்தையும், எதைத் தேர்ந்தோம் என்பதையும் எழுதுகிறேன்.

இந்த ஆசை, தொலைபேசி லைனில் டயல் செய்து இணையத்துக்குள் நுழைந்த டயல்-அப் காலத்திலிருந்தே இருப்பது. 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் வழி கிடைத்தது. அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்த ஊரின் நடுத்தர வீடுகளிலும், கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மோடம் கீச்சிடத் தொடங்கியது. அப்போதைய வி.90 தர மோடம் ஏட்டளவில் வினாடிக்கு 56 கிலோபிட் இறக்கும், 33.6 கிலோபிட் ஏற்றும். எங்கள் தெருவின் பழைய செப்புக் கம்பியில் 40 கிடைத்தால் அதுவே நல்ல நாள். அந்த வேகத்தில் 5 எம்.பி. அளவுள்ள ஒரு பாட்டை இறக்க 1,000 வினாடிகள், அதாவது ஏறக்குறைய 17 நிமிடங்கள் ஆகும். அத்தனை நேரமும் வீட்டுத் தொலைபேசி பிறருக்கு எங்கேஜ்டாகவே இருக்கும்.

என் அலுவலக நண்பர் ஒருவர் 2000ஆம் ஆண்டில் இரண்டாவது லேண்ட்லைன் ஒன்று வாங்கி, கணினிக்குள் இரண்டாவது மோடம் கார்டையும் செருகினார். முதல் வாரம் முழுவதும் இரண்டு கார்டுகளும், கணினியின் கவனத்தைக் கோரப் பயன்படும் ஐ.ஆர்.க்யூ. எண்களில் ஒரே எண்ணைக் கேட்டு ஒன்றையொன்று முடக்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் ஜம்பரை (எண்ணை மாற்ற உதவும் சிறு செருகியை) பிடுங்கி வேறு இடத்தில் பொருத்திய பிறகுதான் இரண்டும் உயிர்பெற்றன. விண்டோஸ் 98இல் மல்ட்டிலிங்க் என்று ஒரு வசதி இருந்தது. அதை இயக்கினால் முதல் மோடம் டயல் செய்து இணைந்தவுடன் இரண்டாவதும் டயல் செய்யும். இரண்டு மோடம்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீச்சிடுவதைக் கேட்பதற்கென்றே நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். முதல் லைன் இணைந்தது. இரண்டாவதை மறுமுனை ஏற்க மறுத்தது. ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒரு தடவைதான் நுழையலாம் என்பது அந்தச் சேவை நிறுவனத்தின் விதி. அவர் பலமுறை நடையாய் நடந்து, ஒரே கணக்கில் இரண்டு நுழைவுகளுக்கு அனுமதி வாங்கினார். அதன் பிறகும் சில நாள் வேகம் இரட்டித்தது, சில நாள் இரட்டிக்கவில்லை.

காரணம் பின்னால்தான் எங்களுக்கு விளங்கியது. மல்ட்டிலிங்க் பி.பி.பி. என்ற நெறிமுறை 1994இல் ஆர்.எஃப்.சி. 1717 என்ற எண்ணுள்ள இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்து, 1996இல் ஆர்.எஃப்.சி. 1990 ஆகத் திருத்தப்பட்டது. இந்தப் பக்கத்தில் தரவைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண் இட்டு, கிடைக்கிற லைன்களில் எல்லாம் பிரித்து அனுப்புவதும், அந்தப் பக்கத்தில் எண் பார்த்து மறுபடி கோப்பதும்தான் அதன் வேலை. ஆகவே பிரித்தவற்றைக் கோத்துத் தர மறுமுனையில் ஓர் இயந்திரம் வேண்டும். இரண்டு அழைப்புகளும் அதே ஓர் இயந்திரத்தில் போய்ச் சேரவும் வேண்டும். நண்பரின் இரண்டு அழைப்புகளும் ஒரே சர்வரில் விழுந்த நாளில் வேகம் கிடைத்தது, வெவ்வேறு சர்வர்களில் விழுந்த நாளில் கிடைக்கவில்லை. எதுவாயினும் தொலைபேசி மீட்டர் மட்டும் நாள் தவறாமல் இரண்டு லைன்களுக்கும் ஓடியது. ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பை வாங்கியிருந்தால் ஒரே செப்பு இணையில் 64 கிலோபிட் வாய்க்கால்கள் இரண்டு கிடைத்து, சேர்த்தால் 128 வந்திருக்கும். ஆனால் அங்கும் கோக்கும் வேலை சேவை நிறுவனத்தின் பக்கத்தில் நடந்தாக வேண்டும், இரண்டு வாய்க்கால்களைத் திறந்தால் இரண்டு அழைப்புகளுக்கான கட்டணத்தையும் கட்டியாக வேண்டும்.

இந்தப் பழங்கதையை அக்கா மகனிடம் சொன்னதற்குக் காரணம், ஃபைபர் வந்த பிறகும் கணக்கின் அடிப்படை மாறவில்லை என்பதுதான். எங்கள் இரண்டு இணைப்புகளும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. எங்கள் தரவைக் கோத்துத் தருவதற்கென்று இரண்டுக்கும் பொதுவான மறுமுனை எதுவும் கிடையாது. அப்படி ஒரு மறுமுனையை நாமே அமைத்துக்கொள்கிறோமா, அது இல்லாமலேயே சமாளிக்கிறோமா, அல்லது இரண்டு லைன்களை ஒன்றாக்கும் யோசனையையே விட்டுவிட்டு ஒரே லைனை அகலப்படுத்துகிறோமா என்பதே எங்கள் முன் இருந்த தேர்வு.

மறுமுனை இல்லாமல் சமாளிக்கும் வழிக்கு லோட் பேலன்சிங் என்று பெயர். இரண்டு இணைப்புகளையும் ஏற்கும் டூயல் வேன் ரூட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு ஃபைபர் பெட்டிகளிலிருந்தும் கேபிள் இழுத்து அதில் செருகினால் போதும். டி.பி. லிங்க், மைக்ரோடிக் போன்றவை இத்தகைய ரூட்டர்களை விற்கின்றன. ஏற்கெனவே ஓபன் டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய ரூட்டர் கையில் இருந்தால் எம்வான்3 என்ற பொதியைக் கொண்டு அதையே பழக்கிக்கொள்ளலாம். ரூட்டர், வீட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு புதிய தொடர்பையும் ஏதேனும் ஒரு லைனில் ஏற்றிவிடும். ஏறிய தொடர்பு கடைசி வரை அதே லைனில்தான் போகும், நடுவில் பிரிந்து இரண்டிலும் ஓடாது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் கிளம்பினால் இரு மடங்கு பயணிகள் போகலாம். அதனால் ஒரு பயணி இரு மடங்கு வேகத்தில் போய்ச் சேரப் போவதில்லை.

அக்கா மகன் ஒரு ரூட்டரை நண்பனிடம் இரவல் வாங்கிப் பொருத்தி, ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் சோதித்தான். திரையில் 187 என்று வந்ததும் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். அந்தத் தளத்தில் பல தொடர்புகள், ஒற்றைத் தொடர்பு என இரண்டு முறைகள் உண்டு. நான் ஒற்றைத் தொடர்புக்கு மாற்றச் சொன்னேன். 94 வந்தது. சோதனைத் தளம் வழக்கமாகப் பல தொடர்புகளை ஒரே நேரத்தில் திறப்பதால் கூட்டுத்தொகையைக் காட்டுகிறது. அவன் பிரவுசரில் இறக்கும் கோப்பு ஒற்றைத் தொடர்பில் வருவதால் ஒரு லைனின் வேகத்தில்தான் இறங்கும். அதே சமயம், பல தொடர்புகளைத் திறந்து வேலை செய்யும் டவுன்லோட் மேனேஜர், டோரண்ட், விளையாட்டுகளை இறக்கும் செயலி ஆகியவற்றுக்கு இந்த வழி மெய்யாகவே பயன் தருகிறது. 60 ஜி.பி. அளவுள்ள ஒரு விளையாட்டு 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 80 நிமிடங்கள் எடுக்கும். இரண்டு லைன்களிலும் பரவி இறங்கினால் அது 40 நிமிடங்களை நெருங்கும். வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆறு காரியங்களைப் பார்க்கும்போதும் நெரிசல் குறையும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. நெட் பேங்கிங் தளத்தில் நுழைந்தது ஒரு லைனின் ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் அந்த லைனை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்து) என்றும், அடுத்த பக்கத்தைக் கேட்டது மற்ற லைனின் முகவரியிலிருந்து என்றும் ஆகிவிட்டால், யாரோ இடையில் புகுந்துவிட்டார்கள் என்று எண்ணிச் சில வங்கித் தளங்கள் வெளியேற்றிவிடும். அக்காவுக்கு ஒரே மாலையில் மூன்று முறை அப்படி நடந்தது, மூன்றாவது ஓ.டி.பி.யை அடித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு சாதனமும் எப்போதும் ஒரே லைனில் போக வேண்டும் என்று ரூட்டரில் விதி எழுதிவிட்டால் இது தீரும். ஆனால் அந்த விதியை எழுதிய அளவுக்கு, இரண்டையும் சேர்த்ததன் பயனும் குறைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மறுமுனையை நாமே அமைத்துக்கொள்ளும் வழி. இதைத்தான் பாண்டிங் என்கிறார்கள். நண்பரின் இரட்டை மோடத்துக்கு நேர் வாரிசு என்று இதைச் சொல்லலாம். ஏதேனும் ஒரு தரவு மையத்தில் சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டு ரூட்டர் இரண்டு லைன்களிலும் பிரித்து அனுப்புவதை அந்த சர்வர் கோத்து இணையத்துக்கு அனுப்புமாறும், திரும்பி வருவதைப் பிரித்து வீட்டுக்கு அனுப்புமாறும் அமைக்க வேண்டும். இணையத்தில் தரவைத் துண்டுகளாக அனுப்பும் டி.சி.பி. நெறிமுறையைப் பல வழிகளுக்கு விரித்த மல்ட்டிபாத் டி.சி.பி. இதற்கென்றே உருவானது, 2013இல் ஆர்.எஃப்.சி. 6824 ஆக வெளிவந்து, 2020இல் ஆர்.எஃப்.சி. 8684 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 5.6 பதிப்பிலிருந்து அது உள்ளேயே கிடைக்கிறது. ஓபன் எம்.பி.டி.சி.பி. ரூட்டர் என்ற இலவச மென்பொருள் வீட்டு ரூட்டர் பக்கத்தையும் சர்வர் பக்கத்தையும் சேர்த்தே அமைத்துத் தருகிறது. சர்வரைத் தாமே வைத்து நடத்தி, மாதச் சந்தாவுக்கு விற்கும் ஸ்பீடிஃபை போன்ற செயலிகளும் உள்ளன. ஒரே கோப்பு இரண்டு லைன்களின் கூட்டு வேகத்தில் இறங்குவதும், ஒரு லைன் அறுந்தாலும் வீடியோ அழைப்பு நிற்காமல் தொடர்வதும் இந்த வழியில் மட்டுமே நடக்கும்.

கேட்பதற்கு இதுவே சிறந்த வழி போல் இருக்கும். எனக்கும் ஆசை இருந்தது. ஒரு வாரம் அமைத்தும் பார்த்தேன். பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

இரண்டு லைன்களின் தாமதமும் ஒன்றாக இருந்தால்தான் இது சீராக ஓடும். ஒன்று ஃபைபராகவும் மற்றது 5ஜி ரூட்டராகவும் இருந்தால், வேகமான லைனில் முன்னதாக வந்த துண்டுகள் மெதுவான லைனில் வரவேண்டிய துண்டுக்காகக் காத்திருக்க நேரும். நெறிமுறையின் துணையில்லாமல் சாதாரண டி.சி.பி. துண்டுகளைக் கண்டபடி இரண்டிலும் இறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: வரிசை குலைந்து வரும் துண்டுகளுக்காகப் பெறும் கணினி, 'இதுவரை வந்து சேர்ந்தது' என்னும் ஒரே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்ப, மூன்று முறை அப்படி வந்ததும் அனுப்பும் கணினி ஏதோ தொலைந்துவிட்டது என்று கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டைச் சேர்த்த பிறகு ஒன்றைவிடக் குறைவாக வேகம் வந்ததென்று சிலர் சொல்வது இதனால்தான்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊரிலேயே வாடகை சர்வர் தரும் நிறுவனங்கள் உண்டு. டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூருவில் தரவு மையம் இருக்கிறது. ஆனால் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நம் தரவை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் வி.பி.என். சேவை நடத்துவோரும் வாடகை சர்வர் தருவோரும் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றதால், சில வி.பி.என். நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. ஆகவே ஸ்பீடிஃபை போன்ற ஆயத்தச் செயலியை வாங்குவோர், அதன் சர்வர் எந்த நாட்டில் உள்ளது என்று பார்த்தே வாங்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்தால், அல்சூரிலிருந்து கோரமங்களாவுக்குப் போக வேண்டிய தரவு கடல் கடந்து போய்த் திரும்பி வரும். இதோடு, சிறிய வாடகை சர்வர்களில் மாதப் போக்குவரத்துக்கு வரம்பு உண்டு; மாதம் 1,000 ஜி.பி. என்பது வழக்கமான அளவு. இரண்டு குடும்பங்கள் டிவி பார்க்கும் வீட்டில் அது மாதக் கடைசிவரை தாங்காது. பல ஓ.டி.டி. தளங்கள் தரவு மையத்தின் முகவரியிலிருந்து வருவோரை வி.பி.என். பயனாளர் என்று கண்டு தடுத்துவிடுகின்றன. என் ஒரு வார முயற்சி முடிந்ததே அதில்தான்: அக்காவின் மாமியார் வழக்கமாகப் பார்க்கும் தொடர் திறக்கவில்லை.

வெளியிடங்களிலிருந்து நிகழ்ச்சிகளை நேரலையாக அனுப்புவோர், கல்யாண மண்டபத்தில் மூன்று சிம்களை வைத்துக்கொண்டு அப்லோட் வேகத்துக்குப் போராடுவோர், ஃபைபரே வராத புறநகர் லேஅவுட்டில் இரண்டு 5ஜி ரூட்டர்களை நம்பி வேலை செய்வோர் ஆகியோருக்கு பாண்டிங் செலவுக்குத் தகுந்த பயனைத் தரும் என்றே நினைக்கிறேன். நகரின் நடுவே ஃபைபர் வந்துவிட்ட வீட்டுக்கு அது தேவைக்கு மிஞ்சிய வேலை.

இனி, பேச்சிலேயே அடிபடாமல் போய்க்கொண்டிருந்த எளிய வழி: ஒரு லைனின் திட்டத்தை உயர்த்திக்கொள்வது. டயல்-அப் காலத்தில் நண்பருக்கு இந்த வழி இல்லை. 56 கிலோபிட்டுக்கு மேல் ஒரு தொலைபேசிக் கம்பியில் மோடம் கொண்டு போக முடியாது என்பதால்தான் அவர் இரண்டாவது கம்பி வாங்கினார். ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் இன்றைய ஜிபான் முறையில் ஒரு கிளைக்கு இறக்கத்தில் ஏறக்குறைய 2.5 ஜிகாபிட் வருகிறது. அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நமக்கு 100 வருவது திட்டத்தில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்பதால்தானே தவிர, கம்பியில் அதற்குமேல் இடம் இல்லாததால் இல்லை. 300 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறினால், ஒற்றைக் கோப்பும் அந்த வேகத்தில் இறங்கும். புதிய பெட்டி, விதி, வாடகை சர்வர் எதுவும் வேண்டாம். எங்களுக்கு வந்த கட்டண விவரப்படி, இரண்டு 100 திட்டங்களுக்குக் கட்டும் தொகையைவிட ஒரு 300 திட்டத்தின் தொகை குறைவாகவே இருந்தது. வேகம் ஒன்றே குறி என்றால் ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது.

திட்டத்தை உயர்த்துமுன் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ரூட்டரிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளை நாலைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு எலக்ட்ரீஷியன் இழுத்துக் கொடுத்திருந்தார். அதன் நுனிச் செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் கோத்துவிட்டு மற்ற நான்கையும் மழித்து வெட்டிவிட்டிருந்தது தெரிந்தது. நான்கு கம்பிகளில் 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே போகும், ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். எத்தனை திட்டங்களை உயர்த்தியிருந்தாலும், எத்தனை லைன்களைச் சேர்த்திருந்தாலும் மாடிக்கு 94க்கு மேல் வந்திருக்காது. எஸ்.பி. ரோட்டில் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய செருகிகளும், கம்பிகளை அவற்றில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் வேலைக்கு ஆன பத்து நிமிடங்களும்தான் இந்த முழு முயற்சியில் எங்களுக்கு அதிகப் பயன் தந்த செலவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தவித்துக்கொண்டிருந்த டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது அடுத்தது.

அப்படியானால் இரண்டாவது இணைப்பை நிறுத்திவிடலாமா என்று அக்கா கேட்டாள். அங்கேதான் நான் தயங்கினேன். இந்த ஊரில் கேபிள்கள் மரத்திலும் மின்கம்பத்திலும் தொங்குகின்றன. ஒரு மழைக்கு ஒரு கிளை முறிந்தாலும், தொங்கும் கேபிள்களை மாநகராட்சி ஆட்கள் வெட்டிப் போட்டாலும், ஒரு நாளோ இரண்டு நாளோ இணைப்பு இருக்காது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு 300க்கும் 200க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, அந்த இரண்டு நாள் பெரிது. ஆகவே இரண்டாவது லைனை வேகத்துக்காக இல்லாமல் காவலுக்காக வைத்துக்கொள்வது நான்காவது வழியாகிறது: முதல் லைன் அறுந்ததை ரூட்டரே கண்டுகொண்டு எல்லாவற்றையும் இரண்டாவதுக்கு மாற்றிவிடும் ஃபெயில்ஓவர் ஏற்பாடு.

காவலுக்கு வைக்கும் லைன் முதல் லைனோடு சேர்ந்து விழக்கூடாது. எங்கள் தெருமுனைக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு நிறுவனங்களின் கேபிள்களும் ஒரே மழைமரத்தின் ஒரே கிளையைச் சுற்றித்தான் வந்தன. மின்வெட்டும் இன்னொரு கணக்கு: வீட்டுவரை முழு ஃபைபராக வரும் ஜிபான் இணைப்பில் வழியில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி இல்லை, வீட்டுப் பெட்டிக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். இருந்தால் ஓடும். மாறாக, தெருவில் உள்ள ஸ்விட்ச் வரை ஃபைபரும் அங்கிருந்து ஈதர்நெட் கேபிளும் வரும் வகையில், தெருவுக்கு மின்சாரம் போனால் நம் யு.பி.எஸ். இருந்தும் பயனில்லை. மாடி இணைப்பு இந்த இரண்டாம் வகை. ஆகவே அதை விட்டுவிட்டு, கம்பியே இல்லாத 5ஜி வீட்டு இணைப்புக்கு மாறினோம். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் தொடங்கிய எட்டு நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. இப்போது வேறு நிறுவனமும் இதே வகைச் சேவையைத் தருகிறது. மாலை நேரத்தில் இதன் வேகம் தள்ளாடும், மாத வரம்பும் ஃபைபரைவிடக் குறைவு. காவலுக்கு அது போதும் என்பதால் இருப்பதிலேயே சிறிய திட்டத்தை எடுத்தோம்.

கீழ்த்தள ஃபைபர் 300 ஆனது. 5ஜி லைன் காத்திருப்பில் நிற்கிறது. இரண்டு பில்களையும் கூட்டிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். பெரிய விளையாட்டுகளை இறக்கும் கணினிக்கு மட்டும் இரண்டு லைன்களையும் திறந்துவிடும் ஒரு விதியை அக்கா மகன் ரூட்டரில் எழுதிவைத்திருக்கிறான். அவன் ஆசைக்கு அந்த அளவுக்கு இடம் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா திருநெல்வேலியில் இருக்கும் சித்தியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் ஃபைபரைப் பிடுங்கிச் சோதித்தோம். சித்தியின் முகம் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றது. நான் கைக்கடிகாரத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வினாடியில் படம் அசைந்தது. "என்னடி, நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு அப்படியே பாத்துக்கிட்டிருக்கே?" என்றாள் சித்தி.